பேருந்து, தேங்காய், ஆழித்தேர்: ஓட்டத்தைக் கோடாக வரைவது

திசைவேகம் (எந்தத் திசையில் எவ்வளவு வேகம்)-காலம் வரைபடம் போடச் சொன்னால் பல பிள்ளைகள் வண்டி போன பாதையை வரைந்துவிடுகிறார்கள். பஸ் பாலத்தில் ஏறி இறங்கினால் அவர்கள் கோடும் ஏறி இறங்குகிறது. இந்த வரைபடத்துக்கும் பாதையின் வடிவத்துக்கும் சம்பந்தமே இல்லை. கிடை அச்சில் காலம், செங்குத்து அச்சில் அந்த நேரத்துத் திசைவேகம், அவ்வளவுதான். வண்டி எப்போதெல்லாம் நின்றது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கெல்லாம் கோடு கிடை அச்சைத் தொட வேண்டும். பாதி வேலை முடிந்தது.

கும்பகோணத்திலிருந்து தாராசுரம் போகும் டவுன் பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். நிறுத்தத்தில் கிளம்பி 10 விநாடியில் விநாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கி.மீ. வேகத்தை எட்டுகிறது. 40 விநாடி அதே வேகம். பிறகு பிரேக் போட்டு 5 விநாடியில் நிற்கிறது. கோடு சாய்வாக ஏறி, மட்டமாக ஓடி, சட்டென்று இறங்கும். வரப்பைக் குறுக்கே வெட்டியது போன்ற சரிவகம்.

கோட்டின் சாய்வுதான் முடுக்கம், அதாவது ஒவ்வொரு விநாடியிலும் திசைவேகம் மாறும் அளவு. ஏறும்போது ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 1 மீட்டர் கூடுகிறது, இறங்கும்போது அதைப்போல் இரண்டு மடங்கு குறைகிறது. நின்றுகொண்டு வருபவர்களின் உடம்புக்கு இது நன்றாகத் தெரியும்: கிளம்பும்போது லேசாகப் பின்னால் சாய்பவர்கள், பிரேக்கில் முன்னால் இருப்பவர் மேல் போய் விழுகிறார்கள். நடுவில் வேகம் இருந்தும் சாய்வு இல்லை. கம்பியை விட்டுவிட்டுச் சில்லறை எண்ணலாம். கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு, போன தூரம்: 50 + 400 + 25 = 475 மீட்டர். கிலோமீட்டர் கல்லே பார்க்காமல் தூரம் கிடைத்துவிடுகிறது. எனக்கு இந்த வரைபடத்தில் மிகவும் பிடித்தது இதுதான்.

20 மீட்டர் உயரத்திலிருந்து தேங்காய் விழுந்தால் சுமார் 2 விநாடியில் தரைக்கு வரும். கீழ்த்திசையை நேர்க்குறியாகக் கொண்டால் ஏறுகிற ஒரே நேர்க்கோடு. முடிவில் விநாடிக்கு 20 மீட்டர், மணிக்கு 72 கி.மீ.! காய்ந்த மட்டை விழுந்தால் காற்று தடுக்கும். கோடு வளைந்து படுத்துவிடும்.

நெல் அறுவடை இயந்திரம் வரப்பு வரை போய், நின்று, ரிவர்ஸில் வருகிறது. இங்கேதான் பலருக்கும் தடுமாற்றம். பின்னோக்கி வரும் நேரத்தில் கோடு அச்சுக்குக் கீழே போக வேண்டும். மேல் பரப்பிலிருந்து கீழ்ப் பரப்பைக் கழித்தால் இடப்பெயர்ச்சி, அதாவது கிளம்பிய இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது. ஓடிய மொத்த தூரம் வேண்டுமானால் இரண்டையும் கூட்ட வேண்டும். டீசல் கணக்குக்கு அதுதான் உதவும்.

சரி, திருவாரூர் ஆழித்தேர்? சுமார் 300 டன் எடை. ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்தாலும் அது மெல்லத்தான் நகரத் தொடங்கும், அதனால் ஏறும் கோட்டின் சாய்வு மிகக் குறைவு. முட்டுக்கட்டை போட்டதும் கோடு செங்குத்தாக விழுவதுபோல் தோன்றும், ஆனால் ஒருபோதும் முழுச் செங்குத்து ஆகாது. நிற்கவும் கொஞ்சம் நேரம் வேண்டுமே. பிறகு நீண்ட பூஜ்யம், மறுபடி ஒரு தாழ்ந்த மேடு. கீழவீதியில் தேர் ஓடிய நேரத்தில் வரைபடத்தில் வந்த அந்த மேடுகளின் பரப்பையெல்லாம் கூட்டினால், வீதியில் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பது வந்துவிடும்.