சுதந்திர இயக்கக் கூறு: ஆறா, ஏழா?

'டிகிரி ஆஃப் ஃப்ரீடம்' என்பதைத் தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்பு இயற்பியல் பாடநூல் 'சுதந்திர இயக்கக் கூறு' என்கிறது. ஒன்று எங்கே, எப்படி இருக்கிறது என்று முழுதாகச் சொல்ல எத்தனை தனித்தனி அளவுகள் தேவையோ, அந்த எண்ணிக்கைதான் இது. 'டிகிரி'க்கு மூலம் படி, அடிவைப்பு என்று பொருள்படும் 'கிராதுஸ்' என்ற லத்தீன் சொல். அதை ஒட்டி உரிமைப்படி, கட்டின்மைப்படி என்று எழுதுவாரும் உண்டு. ஆனால் 'உரிமைப்படி' என்று கண்டதும் 'சட்டப்படி' போலத்தான் வாசிக்கத் தோன்றுகிறது. நீளமானாலும் பாடநூல் சொல்லே தேவலை.

சிக்கல் ஈரணு வாயுவில் வருகிறது. இரண்டு அணுக்கள், அணுவுக்கு மூன்று அளவுகள், மொத்தம் 6. இடப்பெயர்ச்சிக்கு 3, சுழற்சிக்கு 2, அதிர்வுக்கு 1. பாடநூலோ சாதாரண வெப்பநிலையில் 5, உயர் வெப்பநிலையில் 7 என்கிறது. அந்த 6 எங்கே போனது?

அந்த 5, 7 வருவது, ஆற்றல் எல்லாப் பங்குகளுக்கும் சராசரியாகச் சமமாகப் பிரியும் என்னும் ஆற்றல் சமபங்கீட்டு விதியிலிருந்து. அது இயக்கங்களை எண்ணுவதில்லை, ஆற்றலின் பங்குகளை எண்ணுகிறது. அதிர்வு ஒன்றே என்றாலும் அதற்கு இயக்க ஆற்றல், நிலை ஆற்றல் என இரண்டு பங்கு. அதனால்தான் 7. இந்த இடத்தில் மட்டும் 'ஆற்றல் பங்கு' என்று எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.

சரி, குளிர்ந்திருக்கும்போது ஏன் 5? அதிர்வு ஆற்றலைச் சிறுகச் சிறுக வாங்காது, குவாண்டம் எனும் குறிப்பிட்ட பொட்டல அளவில்தான் வாங்கும். நைட்ரஜனுக்கு அந்த அளவை வெப்பநிலையாகச் சொன்னால் ஏறத்தாழ 3,400 கெல்வின். 300 கெல்வினில் அதிர்வின் பங்கு அநேகமாகச் சுழி. 1,000 கெல்வினில் முழுப் பங்கில் சுமார் 40 சதவீதம், 3,000-இல் 90. மாறாப் பருமனில் மோலார் வெப்ப ஏற்புத்திறன் (ஒரு மோல் வாயுவை ஒரு கெல்வின் சூடேற்றத் தேவையான வெப்பம்) 20.8 ஜூலிலிருந்து 29.1-ஐ நோக்கி மெல்ல ஏறும், காமா (மாறா அழுத்த வெப்ப ஏற்புத்திறனுக்கும் மாறாப் பரும வெப்ப ஏற்புத்திறனுக்கும் உள்ள விகிதம்) 1.40-இலிருந்து 1.29-ஐ நோக்கி இறங்கும். கனமான அணுக்களும் தளர்ந்த பிணைப்பும் கொண்ட குளோரினுக்கோ சுமார் 800 கெல்வின்தான், அறை வெப்பநிலையிலேயே அதன் அதிர்வு பாதிக்குமேல் விழித்துவிடுகிறது. ஆக, 'உயர் வெப்பநிலை' எது என்பது வாயுவுக்கு வாயு மாறும்.

குவாண்டம் கொள்கை பிறப்பதற்கு முன்பே, 1860-இல், இயற்பியலாளர் மேக்ஸ்வெல் இங்கேதான் தடுமாறினார். அவர் கணக்கில் காமா 1.33, காற்றில் அளந்ததோ 1.408.

இன்னும் சூடேற்றினால், வளிமண்டல அழுத்தத்தில் சுமார் 2,500 கெல்வினில் ஆக்சிஜன் மூலக்கூறுகள் உடையத் தொடங்கும். அதற்குப் பெயர் பிரிகை, இலங்கைப் பாடநூல்களில் கூட்டப்பிரிகை. அப்புறம் 7 என்ற கணக்கும் செல்லாது, கொடுக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு பிணைப்பை முறிக்கவே போகும்.