சங்கம் பதிவாகும் முன் நிர்வாகம் கை வைக்கும் இடங்கள்

சங்கம் வேண்டாம் என்று நினைக்கும் நிர்வாகம், அது பதிவான பிறகு மல்லுக்கட்டுவதைவிடப் பதிவாகாமல் பார்த்துக்கொள்ளத்தான் முதலில் முயலும். 1918ல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பி.பி. வாடியா மீது பின்னி ஆலை நிர்வாகம் உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கியது. அந்த அனுபவத்துக்குப் பிறகு வந்த 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம், பதிவான சங்கத்துக்கு அத்தகைய வழக்குகளிலிருந்து பாதுகாப்புக் கொடுத்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. பாதுகாப்பு தொடர்கிறது, ஆனால் பதிவான சங்கத்துக்கு மட்டும்.

பதிவுக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது ஏழு பேர் கையெழுத்திட வேண்டும். கூடவே, தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். 400 பேர் வேலை செய்யும் ஆலையில் 40. 1,800 பேர் உள்ள ஆலையில் 100. இதற்குள் ஒரு விதி ஒளிந்திருக்கிறது. விண்ணப்பித்தவர்களில் பாதிக்கு மேல் போகாத வரை, சிலர் விலகினாலும் விண்ணப்பம் செல்லும். அதாவது ஏழு பேர் மட்டும் கையெழுத்திட்டிருந்தால், நான்கு பேரிடம் 'நான் விலகிக்கொண்டேன்' என்று எழுதி வாங்கினாலே போதும், விண்ணப்பம் ஆட்டம் கண்டுவிடும். ஹெச்.ஆர். அறைக்குத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது இதற்காகத்தான். அக்கறையாகப் பேசுவார்கள், வீட்டுக்கடன் பற்றிக்கூட விசாரிப்பார்கள். எனவே ஏழோடு நிற்காதீர்கள். எல்லா ஷிப்டிலிருந்தும் எல்லாப் பிரிவிலிருந்தும் 25, 30 பேர் கையெழுத்திடட்டும். சந்தா ரசீதுகளைத் தேதியோடு வைத்திருங்கள். விண்ணப்பத்தின் நகலில் தொழிற்சங்கப் பதிவாளர் அலுவலக முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

அடுத்தது ஆட்சேபணை. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. சங்கத்தின் பெயரில் தன் பெயர் இருப்பதை நிறுவனம் எதிர்த்தது. பெயர் விஷயத்தில் பதிவாளர் பார்க்க வேண்டியதாகச் சட்டம் சொன்னது, ஏற்கெனவே பதிவான வேறொரு சங்கத்தின் பெயரோடு அது ஒத்துப்போகிறதா என்பதைத்தான். உயர்நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரி 27ல்தான் அந்தச் சங்கம் பதிவானது. இப்படி இழுக்கும் மாதங்களில்தான் ஆட்கள் சோர்ந்துபோகிறார்கள். ஆட்சேபணை நிற்காவிட்டாலும் நிர்வாகத்துக்கு நஷ்டமில்லை.

அந்த இடைவெளியில் நிர்வாகத்தின் ஆதரவோடு 'தொழிலாளர் கமிட்டி' ஒன்று முளைக்கும். அதோடு ஒப்பந்தம், கூடவே எதிர்பாராத சம்பள உயர்வு. சங்கம் உருவாகும் நேரம் பார்த்து அதைக் குலைப்பதற்காகச் சம்பளம் உயர்த்துவதே நியாயமற்ற தொழிலாளர் நடைமுறை என்று சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. நிர்வாகமே சங்கம் அமைத்துக் கொடுப்பதும் இருக்கிறது. பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில் இதற்கு ஆறு மாதம் வரை சிறைக்கு இடமிருந்தது. இப்போது முதல் தடவைக்கு 10,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் மட்டும். பெரிய கம்பெனிக்கு அது ஒரு நாள் கேன்டீன் செலவு.

முன்னணியில் நிற்பவர்களுக்கு வெளிமாநில இடமாற்றம் வரும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கோபத்தில் போகாமல் இருந்தால், 'அனுமதியின்றி வேலைக்கு வரவில்லை' என்று சார்ஜ் ஷீட் தயாராகிவிடும்; பழிவாங்கல் என்ற வழக்கு ஒழுங்கீன வழக்காக மாறிவிடும். எதிர்ப்பை எழுத்தில் பதிவு செய்துவிட்டுப் பணியில் சேர்ந்து, தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் தாவா எழுப்புவதுதான் பெரும்பாலும் பாதுகாப்பான வழி. ஆத்திரத்தில் எல்லோரும் சேர்ந்து லீவு போடுவதிலும் கவனம் தேவை. ஒரே நாளில் பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கேஷுவல் லீவ் எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்தான். 14 நாள் முன்னறிவிப்பு இல்லையென்றால் சட்டவிரோதம்.

சஸ்பெண்ட் செய்தால் தமிழ்நாட்டுச் சட்டப்படி பிழைப்பூதியம் உண்டு: முதல் 90 நாள் சம்பளத்தில் பாதி, 180 நாள் வரை முக்கால், அதற்குப் பிறகு முழுச் சம்பளம். பணத்தை நிறுத்திவிட்டு விசாரணைக்கு மட்டும் கூப்பிட்டால் அதை எழுத்தில் ஆட்சேபியுங்கள். பின்னால் அந்த விசாரணையை உடைக்க அது உதவும்.

எல்லாவற்றிலும் மோசமானது எழுதி வாங்கிய ராஜினாமா. வேலையில் சேர்ந்த அன்று வெற்றுத்தாளில் போட்ட கையெழுத்தாக இருக்கலாம், கதவைச் சாத்திவிட்டு வாங்கியதாகவும் இருக்கலாம். நீக்கினார்கள் என்றால் நியாயத்தை நிர்வாகம் காட்ட வேண்டும்; ராஜினாமா என்றால் மிரட்டலைத் தொழிலாளி நிரூபிக்க வேண்டும். தாமதம்தான் இதில் எதிரி. அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள் காலை, 'மிரட்டி வாங்கப்பட்டது, வேலைக்கு வரத் தயார்' என்று நிர்வாகத்துக்கு மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்ட்டும் அனுப்பி, நகலைத் தொழிலாளர் அலுவலருக்கும் அனுப்புங்கள். அறையில் யார் யார் இருந்தார்கள், எத்தனை மணிக்கு என்று அதிலேயே எழுதுங்கள். அடுத்த ஷிப்டுக்கு வழக்கம்போல கேட்டுக்குப் போங்கள். உள்ளே விடாவிட்டால் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதையும் அன்றே எழுதி அனுப்புங்கள். செட்டில்மென்ட் பணம் வங்கிக் கணக்கில் ஏறியிருந்தால், எதிர்ப்போடுதான் வைத்திருக்கிறேன் என்று தனியாக ஒரு கடிதம். சமரச அதிகாரியிடம் மனுக் கொடுத்து 45 நாளில் தீரவில்லை என்றால், நேராகத் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.