ஒரு மூட்டைக் கல்லுப்பு ஏன் கசக்கிறது?

சாயல்குடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வாங்கிய கல்லுப்பு லேசாகக் கசக்கிறது. ஐப்பசி பிறந்தால் சாக்கோடு நசநசத்துப் போகிறது. கலப்படமா?"

கலப்படமாக இருக்க வேண்டியதில்லை. உப்பளப் பாத்தியில் மீந்த தண்ணீரை வடிக்கத் தாமதித்தாலே இந்த இரண்டும் நடக்கும்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் தாதுக்கள் கரைந்திருக்கின்றன. அதில் 27 கிராம்தான் நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு. மெக்னீசியம் குளோரைடு, மெக்னீசியம் சல்பேட், ஜிப்சம் (கால்சியம் சல்பேட்), கொஞ்சம் பொட்டாசியம் ஆகியவை மீதி. மொத்தத்தையும் சுண்டக் காயவிட்டால் வாயில் வைக்க முடியாது. வாலிநோக்கம் பக்கத்து அளங்களில் இதைப் பிரிக்க எந்த ரசாயனமும் சேர்ப்பதில்லை. ஒவ்வொன்றும் படிய ஒரு வரிசை உண்டு, அந்த வரிசையே பிரித்துக் கொடுத்துவிடுகிறது.

ஜிப்சம் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சுமார் 2 கிராம்தான் கரையும். சோடியம் குளோரைடோ 360 கிராம் வரை கரையும். மெக்னீசியம் குளோரைடு அதையும் தாண்டி 500 கிராமுக்கு மேல். தண்ணீர் வற்ற வற்ற யாருக்கு இடம் முதலில் போதாமல் போகிறதோ அவர் முதலில் இறங்குவார். 1849இல் இத்தாலிய வேதியியலாளர் உசிலியோ மத்தியதரைக் கடல்நீரைப் படிப்படியாக வற்றவைத்து இந்த வரிசையை அளந்து எழுதினார்.

உப்பளத்தில் 'டிகிரி' என்றால் சூடு இல்லை, அடர்த்தி. மிதவைமானியைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கும் போமே அளவு அது. கடல்நீர் சுமார் மூன்றரை டிகிரி. முதலில் சுண்ணாம்பு படியும். 13 டிகிரியைத் தாண்டினால் ஜிப்சம் தொடங்கும். கடல்நீரை நேராக உப்புப் பாத்தியில் விடாமல் பாத்தி பாத்தியாகக் கடத்துவது இதற்காகத்தான்: ஜிப்சத்தின் பெரும்பகுதியை வழியிலேயே இறக்கிவிட வேண்டும். (அந்த ஜிப்சமும் வீண் இல்லை. சிமென்ட் சட்டென்று இறுகாமலிருக்க அதைத்தான் சேர்க்கிறார்கள். நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது ஹெக்டேருக்கு 400 கிலோ போடச் சொல்வதும் அதையே.) 25 டிகிரி வரும்போது ஆயிரம் லிட்டர் சுமார் நூறு லிட்டராகச் சுண்டியிருக்கும். அப்போதுதான் உப்பு பூக்கும்.

28, 29 டிகிரியில் மீதித் தண்ணீரை வடித்துவிட வேண்டும். உப்பில் கால்வாசி இன்னும் அதில் கரைந்தே கிடக்கிறதே என்று ஆசைப்பட்டு விட்டுவைத்தால் மெக்னீசியமும் கூடவே ஒட்டிக்கொள்ளும். கசப்பு அதுதான். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் சுத்தமான உப்பு நீர்க்கும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கடற்கரை ஊரில் ஐப்பசிக் காற்றைச் சொல்லவா வேண்டும்?

ஒட்டிய மெக்னீசியத்தைக் கழுவியும் போக்கலாம், ஆனால் நல்ல தண்ணீரில் கழுவினால் உப்பே கரைந்து ஓடிவிடும். வழி எனக்கு மிகவும் பிடித்தது: உப்பை உப்புநீரிலேயே கழுவுவது! 25 டிகிரி நீரில் உப்பு இனிக் கரையாது. மெக்னீசியத்துக்கோ அதில் இன்னும் நிறைய இடமிருக்கிறது. உப்பு அப்படியே நிற்க, கசப்பு மட்டும் போய்விடும்.

வடித்த கசப்பு நீரில் மெக்னீசியத்தோடு பொட்டாசியமும் புரோமினும் இருக்கின்றன. பொட்டாஷ் உரத்தை வெளிநாட்டிலிருந்து கப்பலில் வாங்கும் நாடு நாம். பாவ்நகரிலுள்ள மத்திய உப்பு ஆராய்ச்சி நிறுவனம் கசப்பு நீரிலிருந்தே அதை எடுக்கும் முறைகளை உருவாக்கியிருக்கிறது. சிறிய அளங்களுக்கும் அது எட்டும்படி பணம் ஒதுக்குவதில் ஏன் இத்தனை தயக்கம் என்று எனக்குப் புரியவில்லை.

'இயற்கைக் கல்லுப்பில் அயோடின் தானாகவே இருக்கிறது' என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். கடல்நீரில் அது லிட்டருக்கு 0.06 மில்லிகிராம் அளவுதான். அதிலும் பெரும்பாலானது கசப்பு நீரோடு போய்விடும். பொட்டாசியம் அயோடேட் தெளித்துத்தான் சேர்க்க வேண்டும். கடைக்கு வரும்போது கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது அயோடின் இருக்க வேண்டும்.

எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் கசப்பு நீர் தங்கும். படிகம் வேகமாக வளரும்போது நடுவே சிறு குழிகளில் தண்ணீரை அடைத்துக்கொள்கிறது. திருஷ்டி சுற்றி அடுப்பில் போட்ட உப்பு படபடவென்று வெடிப்பது அந்த நீர் ஆவியாகிப் படிகத்தைப் பிளப்பதால்தான். சத்தம் பெரிதாக இருந்தால் கண்ணேறு பெரிது என்பார்கள். அதே உப்பை மாவாகப் பொடித்துப் போட்டுப் பாருங்கள், சத்தம் வெகுவாக அடங்கிவிடும்.