மீட்டரைப் பார்க்காதீர்கள், வயதைப் பாருங்கள்: பழைய சொகுசு கார் வாங்கியவர்கள் முதலில் செய்ய வேண்டியவை

பழைய சொகுசு காரை ஆசை ஆசையாக வாங்கிவிட்டு, சில வாரங்களிலேயே கயிறு கட்டி இழுத்துக்கொண்டு எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். கடைசியாக வந்த வண்டியில் புதுத் தொடுதிரை இருந்தது, புது அலாய் வீல் இருந்தது, சீட்டுக்குப் புதுத் தோல் உறையும் இருந்தது. இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் இருக்க வேண்டிய கூலண்ட் டப்பாவில் மட்டும் துருவேறிய தண்ணீர். இஞ்சின் கொதித்து அதன் மேல்பகுதியான ஹெட் வளைந்துவிட்டது. செலவு எவ்வளவு ஆகும் என்று சொன்னதும் அந்தத் தம்பி கேட்ட கேள்வி இதுதான்: "எழுபதாயிரம் கிலோமீட்டர்தானே அண்ணா ஓடியிருக்கு, எப்படி?" இதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி இழுக்காதீர்கள். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுகளில் இஞ்சின் ஓடினால்தான் உள்ளே ஆயில் பம்ப் சுற்றும். இஞ்சின் நின்றிருக்கும்போது சக்கரங்களைத் தரையில் உருட்டி இழுத்தால் கியர்பாக்ஸ் ஆயில் இல்லாமல் தேயும். வண்டியை முழுசாக மேலே ஏற்றிக்கொள்ளும் மீட்பு வண்டியைக் கூப்பிடுங்கள்.

இப்போது அந்த எழுபதாயிரம் கிலோமீட்டருக்கு வருவோம். பதினைந்து வயது வண்டி குறைவாக ஓடியிருந்தால் அது நல்ல வண்டி என்று எல்லாரும் நம்புகிறார்கள். விற்பவரும் அதைத்தான் சொல்லி விற்கிறார். ஆனால் ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஆயிலும் கிலோமீட்டர் கணக்கில் மட்டும் கெடுவதில்லை, ஆண்டுக் கணக்கிலும் கெடுகின்றன. நின்ற இடத்திலேயே ஹோஸ் இறுகும், ஆயில் சீல் காயும், பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும், டயர் வெடிக்கும் பதத்துக்கு வரும். பக்கத்துத் தெருவுக்குப் போய்வர மட்டும் பயன்பட்ட வண்டியில் இஞ்சின் முழுசாகச் சூடாவதே இல்லை. அதனால் இஞ்சின் ஆயிலில் சேரும் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேற வழியில்லை. அப்படிப்பட்ட வண்டியின் ஆயில், நெடுஞ்சாலையில் இரண்டு மடங்கு தூரம் ஓடிய வண்டியின் ஆயிலைவிட மோசமாக இருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1990களின் முற்பகுதியில் வந்த சில மெர்சிடிஸ் மாடல்களில், பெரிய டபிள்யூ 140 எஸ் கிளாஸ் உட்பட, இஞ்சின் ஒயர்களின் மேலுறை சூட்டிலும் வயதிலும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மீட்டரில் என்ன எண் இருந்தாலும் அந்த ஒயரிங்கை மாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. தகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த ஏர்பேக்குகளின் கதையும் அதுதான். உள்ளே இருக்கும் அம்மோனியம் நைட்ரேட் பல ஆண்டு வெப்பத்திலும் ஈரத்திலும் சீர்கெட்டு, விபத்தில் ஏர்பேக் விரியும்போது உலோகச் சில்லுகளை முகத்தில் எறிந்தது. உயிர்கள் போயின. பல சொகுசு பிராண்டுகளின் வண்டிகளும் அந்தத் திரும்பப் பெறும் பட்டியலில் இருந்தன. ஆகவே வண்டி கைக்கு வந்ததும் முதல் வேலையாகச் சேசிஸ் நம்பரை வைத்து, நிறுவனம் திரும்ப அழைத்த வேலை எதுவும் பாக்கி இருக்கிறதா என்று விசாரியுங்கள். நீங்கள் எத்தனையாவது ஓனர் என்றெல்லாம் தயங்க வேண்டாம். பாதுகாப்புக்காகத் திரும்ப அழைத்த பழுதைச் சரிசெய்வது பொதுவாக வண்டியைப் பொறுத்தது, ஓனரைப் பொறுத்தது அல்ல.

அப்புறம் ஸ்கேன். கைக்கு அடக்கமான மலிவு ஸ்கேனர் பெரும்பாலும் இஞ்சின் தொடர்பான கோளாறுகளைத்தான் காட்டும். ஏ.பி.எஸ்., ஏர்பேக், சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் என்று இந்த வண்டிகளில் ஏகப்பட்ட கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அந்தந்த பிராண்டுக்கான கருவியில் எல்லாவற்றையும் படிக்கச் சொல்லுங்கள். ஒரு கோளாறும் இல்லை என்று வந்தால் உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். புகைக் கட்டுப்பாட்டுச் சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று கருவி காட்டினால், பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள், அல்லது விற்பதற்கு முன் கோளாறுகளை யாரோ அழித்திருக்கிறார்கள். சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி படியுங்கள்.

சரி, எனக்கு மிகவும் கோபம் வரும் விஷயத்துக்கு வருகிறேன். "இந்த கியர்பாக்ஸுக்கு ஆயிலே மாத்த வேண்டாம் அண்ணா, ஆயுளுக்கும் ஒரே ஆயில்னு கம்பெனியே சொல்லியிருக்கு." உண்மைதான், பல கார் நிறுவனங்கள் அப்படி எழுதியிருக்கின்றன. ஆனால் யாருடைய ஆயுள் என்று கேளுங்கள். முதல் ஓனர் வைத்திருந்த சில ஆண்டுகளை வைத்துச் சொன்ன கணக்கு அது என்பது என் எண்ணம். உங்கள் கைக்கு வரும்போது அந்த ஆண்டுகள் எப்போதோ முடிந்துவிட்டன. பி.எம்.டபிள்யூ, ஆடி, ஜாகுவார் போன்ற பல வண்டிகளில் இருக்கும் 6 கியர், 8 கியர் ஆட்டோமேட்டிக்குகளைச் செய்வது இசட்.எஃப். என்ற ஜெர்மன் நிறுவனம். கார் நிறுவனம் என்ன எழுதினாலும், கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப். சொல்வது வேறு: 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது அதிகபட்சம் 8 ஆண்டுக்குள் ஆயிலை மாற்று. செய்தவன் சொல்வதைக் கேட்பதா, விற்றவன் சொல்வதைக் கேட்பதா?

இன்னொரு வாதமும் வரும். "ஆயில் மாத்தின அப்புறம்தான் கியர்பாக்ஸே போச்சு, அதனால தொடவே கூடாது." இதையும் விளக்கிவிடுகிறேன். பெரும்பாலும் என்ன நடக்கிறது என்றால், வண்டி நன்றாக ஓடும்வரை யாரும் கியர் ஆயிலை நினைப்பதே இல்லை. கியர் வழுக்க ஆரம்பித்து, உதற ஆரம்பித்த பிறகு, கடைசி வைத்தியமாக ஆயிலை மாற்றுகிறார்கள். உள்ளே கிளட்ச் தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்துபோயிருக்கும். புது ஆயில் அதைக் குணப்படுத்தாது. கியர்பாக்ஸ் தன் போக்கில் போய்ச் சேரும், பழி ஆயில் மேல் விழும். தவறான ஆயிலை ஊற்றியோ, அளவு குறைவாக விட்டோ கெடுத்தவர்களும் இருக்கிறார்கள். இந்த கியர்பாக்ஸுகள் பலவற்றில் அளவு பார்க்கும் குச்சியே கிடையாது. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் சூடு சுமார் 40 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது, நிரப்பும் துளையில் வழிகிறதா என்று பார்த்துத்தான் அளவு வைக்க வேண்டும். கண்மட்டத்தில் ஊற்றுகிறவர் கையில் வண்டியைக் கொடுக்காதீர்கள். இசட்.எஃப். 6 கியர் வகைகள் பலவற்றில் சேம்பர் எனும் பிளாஸ்டிக் ஆயில் தொட்டியும் ஃபில்டரும் ஒன்றாகவே வரும், அவற்றில் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய மெர்சிடிஸ் 5 கியர் ஆட்டோமேட்டிக்காக இருந்தால், ஒயர் சாக்கெட்டின் ரப்பர் வளையம் கசிந்து, ஆயில் ஒயருக்குள்ளேயே ஏறிப்போய் கியர் கம்ப்யூட்டரை நனைக்கும். சின்னச் சாமான்தான், ஆயில் மாற்றும்போதே அதையும் மாற்றச் சொல்லுங்கள். வண்டி இப்போது நன்றாக ஓடுகிறதா? அப்படியானால் இதுதான் மாற்ற வேண்டிய நேரம்.

கூலண்ட் விஷயத்தில் நிறத்தை நம்பாதீர்கள். பச்சையோடு பச்சை சேரும், நீலத்தோடு நீலம் சேரும் என்று எந்த விதியும் இல்லை. நிறம் வெறும் சாயம், வகைதான் முக்கியம். பொருந்தாத இரண்டு வகை கலந்தால் களிபோல் திரண்டு ரேடியேட்டரை அடைக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத வண்டியில் முழுசாக வடித்து, கழுவி, உங்கள் மாடலுக்குச் சொன்ன வகையைக் காய்ச்சி வடித்த தண்ணீரோடு கலந்து ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கூடவே ஹோஸ், மூடி, கூலண்ட் டப்பா, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் பாருங்கள். வயதான ஜெர்மன் வண்டிகளில் இந்தப் பிளாஸ்டிக் பாகங்கள் நொறுங்கும் நிலையில் இருக்கும். எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லாவிட்டால் மாற்றிவிடுவதே மலிவு. சூடு ஏறுகிறது என்று, கூலண்ட் பாதையைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூக்கிப்போடும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். இஞ்சின் எப்போதும் குளிராகவே இருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாக விடும், சூடேறியதற்கான உண்மைக் காரணமும் மறைந்துபோகும்.

பிரேக் ஆயில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் அந்த எல்லை 155க்கு இறங்கலாம். மலைச் சரிவில் கனமான வண்டி இறங்கும்போது பிரேக் மிதி தரைவரை போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2006 மாற்றத்துக்கு முந்தைய டபிள்யூ 211 ஈ கிளாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதன் மின்னணு பிரேக், கதவைத் திறந்தாலே தானாக அழுத்தம் ஏற்றும். முறைப்படி அதைச் செயலிழக்கச் செய்யாமல் பிரேக் பேட் மாற்றினால் விரல் நசுங்கும். வீட்டில் முயற்சி செய்யாதீர்கள்.

ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியா? இரவு நிறுத்தும்போது நான்கு மூலையிலும் உயரத்தை அளந்து வைத்து, காலையில் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு மூலை இறங்கியிருந்தால் கசிவு. அதைத் தள்ளிப்போட்டால் காற்றை நிரப்பி நிரப்பியே கம்ப்ரஸர் எரிந்துபோகும், செலவு இரட்டிப்பாகும். ஸ்டாண்ட் போடாமல் அந்த வண்டிக்கு அடியில் எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள்.

தண்ணீரையும் தேடுங்கள். சன்ரூஃபின் மூலைகளிலிருந்து இறங்கும் வடிகுழாய்கள் தூசியும் இலையும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கம்பளத்துக்கடியிலும் டிக்கிக்கும் போகும். டிக்கித் தரைக்குக் கீழே பேட்டரியோ கம்ப்யூட்டர்களோ இருக்கும் மாடல்கள் பல. ஸ்டெப்னி குழியின் மூடியைத் தூக்கிப் பாருங்கள், கம்பளத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள். பழைய ஆடிகளில் முன் கண்ணாடிக்குக் கீழே பேட்டரி உட்காரும் பள்ளத்தின் வடிகாலையும் சுத்தம் செய்யுங்கள். மின்சாரக் கோளாறு என்று சொல்லிக்கொண்டு வரும் வண்டிகளில் நான் முதலில் தேடுவது ஈரத்தைத்தான்.

பேட்டரி மாற்றினால் அதே வகையைப் போடுங்கள். அமிலத்தைக் கண்ணாடி இழையில் உறிஞ்சி வைத்திருக்கும் ஏ.ஜி.எம். வகை இருந்த இடத்தில் சாதாரணத்தைப் போடக்கூடாது. 2000களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த பி.எம்.டபிள்யூக்கள் பலவற்றில் புது பேட்டரியை வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவும் செய்ய வேண்டும். வண்டிக்குள் இருக்கும் பேட்டரி என்றால் வாயுவை வெளியேற்றும் சிறு குழாயை மறக்காமல் மாட்டச் சொல்லுங்கள்.

இஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பது டைமிங் பெல்ட்டா செயினா என்று தெரிந்துகொள்ளுங்கள். லெக்சஸ் எல்.எஸ். 400, 430 இரண்டிலும் பெல்ட், 460இல் செயின். பெல்ட் என்றால் கிலோமீட்டரோடு ஆண்டுக் கணக்கும் உண்டு. மாற்றிய ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். விற்றவரின் வாய்வார்த்தை ரசீது ஆகாது.

டயரில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 3514 என்றால் 2014ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வயதான டயரைக் கழற்றிவிடுங்கள்.

இஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றும்போது டப்பாவில் விளம்பரத்தைப் படிக்காதீர்கள், நிறுவன ஒப்புதல் எண்ணைப் படியுங்கள். மெர்சிடிஸ் 229.5, ஃபோக்ஸ்வேகன் 502.00 என்று இருக்கும். உங்கள் கையேட்டில் எந்த எண் இருக்கிறதோ அதுதான். பவர் ஸ்டீயரிங் ஆயிலும் அப்படியே. சில ஜெர்மன் வண்டிகளுக்குப் பச்சை ஹைட்ராலிக் ஆயில், சிலவற்றுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். மூடியில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் ஊற்ற விடாதீர்கள்.

இதற்கெல்லாம் பணம் வேண்டும். வண்டியின் விலைதான் வயதோடு இறங்கியிருக்கிறது, பாகங்களின் விலை இறங்கவில்லை. கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிட்டு வராதீர்கள். பணம் ஒரேயடியாகக் கிடைக்காவிட்டால் பிரேக், டயர், கூலண்ட் மூன்றையும் முதலில் முடியுங்கள், பெல்ட் இருந்தால் அதையும் சேர்த்து. அடுத்து கியர் ஆயில். திரையும் வீலும் அடுத்த வருஷம் பார்க்கலாம்.

வேலைகள் முடிந்த பிறகு முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் தினமும் காலையில், இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, கூலண்ட் அளவையும் ஆயில் அளவையும் பாருங்கள். நிறுத்திய இடத்தில் தரையில் சொட்டு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மாற்றிய ஒவ்வொன்றுக்கும் தேதியும் கிலோமீட்டரும் ஒரு நோட்டில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். சூட்டு முள் நடுவைத் தாண்டி ஏறினால், வீடு பக்கம்தான் என்று ஓட்டிப் பார்க்காமல் அந்த இடத்திலேயே ஓரம்கட்டி இஞ்சினை அணையுங்கள். கூலண்ட் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள்.