டீசல் காருக்கு இன்னொரு ஃபில்டர்: தண்ணீரை எங்கே மறிப்பது?

டீசல் காரில் கூடுதலாக ஒரு ஃபில்டர் போட நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எத்தனை மைக்ரான் போடலாம்?" என்பதைத்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தூசி பறக்கும் ஊருக்கு அது பொருத்தமான கேள்வி. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த கையோடு வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும் கன்னியாகுமரி மாவட்டத்தில் டீசலுக்கு முதல் எதிரி தண்ணீர். 5 மைக்ரான் அளவுத் துகளைக் கம்பெனி ஃபில்டரே பார்த்துக்கொள்ளும். அதற்கு முன்னால் வைக்க வேண்டியது, தண்ணீரைப் பிரித்து அடியில் ஒரு கிண்ணத்தில் தேக்கும் வாட்டர் செப்பரேட்டர். அதன் எலிமென்ட், அதாவது உள்ளே வடிகட்டும் பகுதி, 30 மைக்ரான் இருந்தால் போதும்.

காமன் ரயில் எஞ்சினில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் டீசலைத் தேக்கித் தரும் 'ரயில்' என்ற பொதுக் குழாய் உள்ள எஞ்சினில், டீசல் 1,600 பார் அழுத்தத்துக்கும் மேலே போகிறது (ஒரு பார் என்பது ஏறத்தாழ காற்றழுத்தத்தின் அளவு). பம்புக்குள்ளும், எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டருக்குள்ளும் ஒன்றோடொன்று உரசி ஓடும் பாகங்களுக்கு இடையே இருப்பது 2, 3 மைக்ரான் இடைவெளிதான். அங்கே தனியாக ஆயில் கிடையாது, டீசலேதான் ஆயில். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் டீசலில் கந்தகம் 10 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 10 பங்கு) இருக்க வேண்டும். கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயல்பான வழவழப்பும் குறைந்துபோவதால் சேர்மானம் கலந்து ஈடுகட்டுகிறார்கள். இந்த இடத்தில் தண்ணீர் நுழைந்தால் டீசல் படலம் அறுந்து இரும்பு இரும்போடு உரசும், துருப் பிடிக்கும். இன்ஜெக்டரின் நாசில் முனையின் சூட்டில் தண்ணீர் சட்டென்று ஆவியாகி முனையையே உடைப்பதும் உண்டு. பம்பு தேய்ந்து இரும்புத்தூள் கிளம்பினால் ரயில், இன்ஜெக்டர், மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன், டேங்க் என்று எல்லா இடத்துக்கும் போகும். பம்பையும் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றினால் பில் எளிதில் லட்சத்தைத் தாண்டும்.

தண்ணீர் எப்படி உள்ளே வருகிறது? "இரவில் டேங்க் வியர்க்கும், அதனால் டேங்கை நிரப்பி வை" என்று சொல்லாத ஆள் இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று ஒரு கன மீட்டரில் சுமார் 30 கிராம் நீராவி இருக்கும். டேங்கில் 30 லிட்டர் காலியிடம் என்றால் மொத்தம் 0.9 கிராம். இரவில் 24 டிகிரிக்கு இறங்கினால் அதில் கால் கிராம், அதாவது நான்கைந்து சொட்டு, படியும். மறுநாள் புதிதாக உள்ளே வரும் காற்றும் டேங்கில் உள்ளதில் சில சதவீதம்தான். வளைகுடாவில் வேலை பார்ப்பவர் அடுத்த லீவு வரை ஷெட்டில் விட்டுப்போகும் காரில்கூட இது ஓரிரு கிராமுக்கு மேல் சேர்வது கடினம். பிஎஸ்-6 டீசலில் தரநிர்ணயம் அனுமதிக்கும் தண்ணீரே கிலோவுக்கு 200 மில்லிகிராம். 40 லிட்டர் டேங்குக்கு அது ஆறரை கிராம் ஆகிறது! ஆனால் நிறுத்தியே கிடக்கும் டேங்கில் மெல்லிய நீர்ப்படலம் இருந்தாலே அதற்கும் டீசலுக்கும் நடுவில் பூஞ்சை வளரும். ஃபில்டரில் கறுப்புக் கொழகொழப்பு ஒட்டியிருந்தால் அதுதான்.

பெரிய அளவில் தண்ணீர் வருவது வேறு வழிகளில். மழைக்குப் பிறகு பெட்ரோல் பங்கின் நிலத்தடி டேங்கில் இறங்கும் தண்ணீர், கேனில் வாங்கி ஊற்றும் டீசல், வெடித்துப்போன மூடி வாஷர். இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை. டீசல் மூடியைச் சுற்றியுள்ள குழியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை இருக்கும். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்தோரம் நிறுத்தும் வண்டிகளில் சருகுத் துணுக்கு அதை அடைத்துவிடும். குழியில் தேங்கிய மழைநீர், மூடியைத் திறக்கும்போது நேராக டேங்குக்குள் போகும். ஒரு குச்சியால் குத்திவிட்டால் தீர்ந்தது. ஃபில்டர் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்.

இனி, செப்பரேட்டர் ஏன் ஹை பிரஷர் பம்புக்கு முன்னால்? டீசலுக்குள் 10 மைக்ரான் நீர்த்துளி ஒரு மணி நேரத்தில் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் இறங்கும். 100 மைக்ரான் துளி அதே நேரத்தில் ஒரு மீட்டர் இறங்கும். விட்டம் பத்து மடங்கானால் வேகம் நூறு மடங்கு. கிண்ணத்தில் டீசல் தங்குவதோ சில நொடிகள். அதனால் டீசலைச் சுழற்றிவிட்டு, சிறு துளிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பெரிதாக்கினால்தான் தண்ணீர் அடியில் விழும். பம்புக்குள் போய் அடிபட்ட தண்ணீர் பால் போலக் கலங்கி நுண்துளியாகிவிடும். பிறகு பிரிப்பது பெரும்பாடு.

வாங்கும் முன் உங்கள் வண்டி எந்த ரகம் என்று தெரிய வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் எஞ்சின் பக்கமுள்ள பம்பு டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும். புதியவை பலவற்றில் டேங்குக்குள் இருக்கும் எலக்ட்ரிக் பம்பு சில பார் அழுத்தத்தில் தள்ளும். தள்ளும் ரகத்துக்கு அந்த அழுத்தத்தைத் தாங்கும் என்று எழுதியுள்ள செப்பரேட்டர்தான் வேண்டும். சாதாரணப் பிளாஸ்டிக் கிண்ணம் வெடித்தால் சூடான எஞ்சின்மேல் டீசல் பீச்சும். உறிஞ்சும் ரகத்தில் பிரச்சினை நேர்மாறு: 2 மைக்ரான் ஃபில்டரை முன்னால் போட்டால் இழுவை கூடி, டீசலில் கரைந்திருக்கும் காற்று குமிழியாகப் பிரியும். நாகர்கோவில் டவுனுக்குள் ஒன்றும் தெரியாது, கீரிப்பாறை ஏற்றத்தில் வண்டி இழுக்காது. உங்கள் எஞ்சினில் ரிட்டர்ன் உட்பட மணிக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று பார்த்து, அதற்கு மேலான அளவில் வாங்குங்கள். எஞ்சின் எரிப்பதைவிட ஓடுவது பல மடங்கு.

பொருத்தும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பிராக்கெட்டை பாடியில் போல்ட் போடுங்கள், எஞ்சினில் வேண்டாம். அதிர்வில் விரிசல் விடும். டர்போ, சைலன்சர் பைப் பக்கமே போகக் கூடாது. கம்பெனி நைலான் லைனை வெட்டாமல், அதே அளவு குவிக் கனெக்டர் வாங்கி ஒரிஜினல் ஃபில்டரின் இன்லெட்டுக்கு முன் இணைத்தால், வேண்டாதபோது பழையபடி மாற்றலாம். டீசல் தாங்கும் நைட்ரைல் ஹோஸ்தான் வேண்டும். கண்ணாடி போன்ற பிவிசி ட்யூப் சில மாதத்தில் கட்டையாகிவிடும். உப்புக்காற்றுக்கு கிளிப்பும் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். வாரண்டி உள்ள வண்டியானால் இதையெல்லாம் தொடும் முன் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும் ஹேண்ட் பிரைமரை (கையால் அமுக்கி டீசலை ஏற்றும் சிறு பம்பு) அது கெட்டியாகும் வரை அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். எலக்ட்ரிக் பம்பு வண்டியில் சாவியை ஆன் செய்து, சில நொடி விட்டு ஆஃப் செய்து, இப்படி ஐந்தாறு முறை. செல்ஃபை விடாமல் அடித்தால் டீசல் இல்லாமலே ஹை பிரஷர் பம்பு சுற்றும். எதைக் காப்பாற்றப் போனோமோ அதுவே தேயும். உறிஞ்சும் ரகத்தில் ஜாயின்ட் சரியில்லாவிட்டால் டீசல் ஒழுகாது, காற்று உள்ளே போகும். ஹோஸ் வெளியே உலர்ந்தே இருக்கும், காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக நேரமெடுக்கும். இரவில் டீசல் டேங்குக்கே திரும்பிவிட்டது என்று அர்த்தம். செப்பரேட்டருக்கு அப்பால் சிறிது நேரம் மட்டும் தெளிவான ட்யூப் ஒன்றை மாட்டிக் குமிழி ஓடுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம்: டேஷ்போர்டில் உள்ள தண்ணீர் எச்சரிக்கை விளக்கு ஒரிஜினல் ஃபில்டரின் சென்சாரைச் சேர்ந்தது. தண்ணீர் முன்னாலேயே தங்கிவிடுவதால் அது எரியாது. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கிண்ணத்தை நீங்களே குனிந்து பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, அடி திருகைத் தளர்த்தி, 100 மில்லி அளவு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள். தண்ணீர் அடியில் கோடு பிரிந்து நிற்கும். உறிஞ்சும் ரகத்தில் அடித் திருகை மட்டும் திறந்தால் எதுவும் வராது, மேலே உள்ள வென்ட் திருகையும் சற்றுத் திறக்க வேண்டும். மூடியபின் மறக்காமல் பிரைம் செய்யுங்கள். டீசல் போட்ட மறுநாளே கிண்ணம் பாதி நிறைந்தால் பங்கை மாற்றுங்கள். நிலத்தடி டேங்கில் தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பேஸ்ட் தடவிய டிப் ராடை, அதாவது அளவுக் கம்பியை, இறக்கிக் காட்டச் சொல்லியும் கேட்கலாம். வடித்ததை ஓடையில் ஊற்றாமல் வொர்க்ஷாப் பழைய ஆயில் பேரலில் சேர்த்துவிடுங்கள்.