‘திருப்திகரம்’ என்று எழுதுவதற்கு முன்

பொதுச் சுகாதாரத்தில் பிஎச்.டி. செய்பவர்களின் ஆய்வு ஆலோசனைக் குழுக்களில் உறுப்பினராக உட்காருவது என் வேலையில் ஒரு பகுதி. கால நீட்டிப்பு கேட்டு வரும் விண்ணப்பங்களில் ஒரே விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. “அனுமதி கிடைக்கத் தாமதமானதால் களப்பணி ஓராண்டு தள்ளிப்போனது” என்று மாணவர் எழுதியிருப்பார். கோப்பைப் புரட்டினால், அந்த ஓராண்டின் இரண்டு அரையாண்டு அறிக்கைகளிலும் “முன்னேற்றம் திருப்திகரம்” என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். தாமதம் உண்மைதான். ஆனால் காகிதத்தில் அது நடக்கவே இல்லை.

முதலில் கால வரம்பைச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் விதி கொஞ்சம் மாறும் என்றாலும், அடிப்படை, யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்.டி. ஒழுங்குமுறைகள்தான். குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. அதற்கு மேல் தேவைப்பட்டால் மறுபதிவு செய்து 2 ஆண்டு வரை வாங்கலாம். ஆக மொத்தம் 8. பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் 2 ஆண்டு சலுகை தரலாம். அவர்களுக்கு மொத்தம் 10. இந்தக் கணக்கு சேர்ந்த தேதியிலிருந்து தொடங்குகிறது. தலைப்பு உறுதியான நாளிலிருந்தோ கோர்ஸ் வொர்க், அதாவது தொடக்கத்தில் படித்துத் தேற வேண்டிய பாடங்கள், முடிந்த நாளிலிருந்தோ அல்ல. நான்காம் ஆண்டில்கூட இதைத் தவறாகக் கணக்குப் போட்டு வைத்திருப்பவர்கள் உண்டு. அந்த மறுபதிவும் கேட்டவுடன் கிடைக்கிற உரிமை இல்லை. உங்கள் பல்கலைக்கழக விதிப்படி, காரணம் பார்த்துத்தான் தருவார்கள்.

கோர்ஸ் வொர்க் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குறைந்தது 12 கிரெடிட், 55 சதவீத மதிப்பெண். ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறைகள் பற்றிய பாடமும் அதில் சேர்த்தி. இதில் தேங்கி நிற்பவர்கள் குறைவு.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடும் ஆலோசனைக் குழுதான் முக்கியம். நம் ஊரில் டாக்டரல் கமிட்டி என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும். ஒவ்வொரு செமஸ்டரிலும் மாணவர் அதன் முன் வந்து வேலையை விளக்கி, சுருக்கமான அறிக்கை ஒன்றைத் தர வேண்டும். குழுவின் பரிந்துரை நிறுவனத்துக்குப் போகும்; ஒரு நகல் மாணவருக்கும் தர வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. அந்த நகலைக் கேட்டு வாங்கி வைத்திருக்கும் மாணவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

முன்னேற்றம் திருப்தியாக இல்லையென்றால் என்ன ஆகும்? பதிவை உடனே ரத்து செய்துவிடுவார்கள் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. குழு காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும், என்ன செய்தால் சரியாகும் என்றும் சொல்ல வேண்டும். சொன்னதையும் மாணவர் செய்யாமல் விட்டால்தான், அதுவும் குறிப்பான காரணங்களோடு, ரத்துக்குப் பரிந்துரை செய்யலாம். அதாவது “திருப்தியில்லை” என்ற குறிப்போடு ஒரு வழிமுறையும் எழுத்தில் கிடைக்கிறது. இதில் மாணவரைவிட ஆய்வை வழிநடத்தும் நெறியாளருக்குத்தான் சங்கடம் அதிகம். தன் மாணவரின் அறிக்கையில் அப்படி ஒரு வரி வந்தால் தன்மேல் கரும்புள்ளி விழுந்த மாதிரி அவர் நினைக்கிறார். அதனால் தேநீர், பிஸ்கட், கையெழுத்து, திருப்திகரம். இந்தக் கருணையால் மாணவருக்கு ஒரு நன்மையும் இல்லை என்பது என் கருத்து.

பொதுச் சுகாதாரத்தில் இது ஏன் பெரிய பிரச்சினை ஆகிறது என்றால், இங்கே தாமதம் பெரும்பாலும் மாணவரின் கையில் இல்லை. ஆய்வகத்தில் வேலை செய்பவருக்கு ரசாயனம் வரவில்லை, கருவி பழுது என்று பிரச்சினை வரும். நமக்குப் பிரச்சினை ஒவ்வொரு அலுவலக வாசலிலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களை வைத்து ஆய்வு என்றால் சென்னையில் உள்ள பொது சுகாதாரத் துறை இயக்குநரகத்தின் அனுமதி, அப்புறம் மாவட்டச் சுகாதார அதிகாரி. பள்ளிப் பிள்ளைகள் என்றால் முதன்மைக் கல்வி அலுவலர். மாநகராட்சி என்றால் நகர்நல அலுவலர். இதற்கெல்லாம் முன்னால் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு, அதாவது எத்திக்ஸ் கமிட்டி. வெளிநாட்டு நிதியோ வெளிநாட்டவரோடு கூட்டு ஆய்வோ இருந்தால் மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவையும் தாண்ட வேண்டியிருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எத்திக்ஸ் கமிட்டி, “துறை அனுமதிக் கடிதம் எங்கே?” என்று கேட்கும். துறை, “எத்திக்ஸ் அனுமதி வாங்கி வாருங்கள்” என்று திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் நடுவில் மாணவர் அல்லாடுவார். துறை அனுமதி கிடைத்த பிறகே களப்பணி தொடங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புதல் தரும்படி எத்திக்ஸ் கமிட்டியிடம் முதலிலேயே எழுதிக் கேட்டால் பல இடங்களில் தருகிறார்கள். கேட்காமல் காத்திருப்பதுதான் வழக்கமாக இருக்கிறது.

ஆனால் ஒப்புதலுக்கு முன்பே தரவு சேகரித்துவிட்டு அப்புறம் கடிதம் வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு) 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, மனிதர்களைப் பங்கேற்பாளர்களாகக் கொண்ட ஆய்வுக்கு ஒப்புதல் முதலில், வேலை அப்புறம். தலையீட்டு ஆய்வு, அதாவது மருந்தோ பயிற்சியோ கொடுத்து விளைவைப் பார்க்கும் ஆய்வு என்றால், சிடிஆர்ஐ எனும் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவும் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். 2018 ஏப்ரல் முதல் ஆட்களைச் சேர்க்கத் தொடங்கிய பிறகு வரும் பதிவை அவர்கள் ஏற்பதில்லை. அப்படித் தவறவிட்ட ஆய்வை எந்தக் கமிட்டியாலும் காப்பாற்ற முடியாது.

அடுத்தது பருவம். டெங்கு ஆய்வுக்கு வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய மாதங்கள் வேண்டும். அனுமதி ஜனவரியில் கைக்கு வந்தால் ஒரு மாதத் தாமதம் என்று கணக்கு வைக்க முடியாது, கிட்டத்தட்ட ஓராண்டு போய்விட்டது. பள்ளி ஆய்வு என்றால் தேர்வுக் காலத்திலும் மே விடுமுறையிலும் உள்ளேயே போக முடியாது. கர்ப்பிணிகளைத் தொடரும் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 12 வாரத்துக்குள் சேர்த்து, பிரசவத்துக்குப் பின் 42 நாள் வரை தொடர்வது என்றால் கடைசியாகச் சேர்ந்தவருக்கே சுமார் 8 மாதம் ஆகும். ஆட்களைச் சேர்க்க ஓராண்டு ஆனால் மொத்தம் 20 மாதம் களத்துக்கே போய்விடும். 3 ஆண்டில் முடிப்பேன் என்று ஆய்வுத் திட்டத்தில் எழுதும்போது இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இதையெல்லாம்தான் அரையாண்டு அறிக்கையில் எழுதச் சொல்கிறேன். “தரவு சேகரிப்பு நடந்து வருகிறது” என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. மாதிரி அளவு எவ்வளவு, இதுவரை எத்தனை பேர், மாதத்துக்கு எத்தனை பேர் கிடைக்கிறார்கள், இந்த வேகத்தில் போனால் எந்த மாதம் முடியும் என்று எழுதுங்கள். துறைக்கு எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள், எந்தத் தேதியில் நினைவூட்டல் அனுப்பினீர்கள், பதில் எப்போது வந்தது என்பதைத் தேதியோடு எழுதி, கடிதங்களின் நகலை இணையுங்கள். வேகம் குறைவாக இருந்தால் குழு அங்கேயே ஒரு முடிவு எடுக்கலாம்: இன்னொரு வட்டாரத்தைச் சேர்ப்பது, ஒரு நோக்கத்தை விடுவது, மாதிரி அளவைக் காரணத்தோடு மறுகணக்கிடுவது. அந்த மாற்றம் எத்திக்ஸ் கமிட்டிக்கும் திருத்தமாகப் போக வேண்டும். மூன்றாம் ஆண்டில் இதைச் செய்தால் அது முறையான ஆய்வு முடிவு. ஆறாம் ஆண்டில் செய்தால் அவசரத்தில் வெட்டி ஒட்டியதாகத்தான் தேர்வாளருக்குத் தெரியும்.

பகுதிநேர மாணவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். நம் துறையில் மருத்துவ அலுவலர்கள், மருத்துவக் கல்லூரி உதவிப் பேராசிரியர்கள், தொண்டு நிறுவன ஊழியர்கள் பலர் பகுதிநேரமாகத்தான் செய்கிறார்கள். ஆய்வுக்குப் போதிய நேரம் தரப்படும், தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க்குக்கு விடுவிக்கப்படுவார் என்று வேலை தருபவர் தடையின்மைச் சான்று தந்திருப்பார். அந்தச் சான்றைச் சேர்க்கையோடு மறந்துவிடுகிறார்கள். இடமாறுதல் வந்தாலோ கூடுதல் பொறுப்பு வந்தாலோ, ஆணையின் நகலோடு அடுத்த அறிக்கையில் அதைப் பதிவு செய்யுங்கள்.

பெண் ஆய்வாளர்களுக்குப் படிப்புக் காலம் முழுவதற்கும் சேர்த்து 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு தரலாம் என்று விதி இருக்கிறது. வாய்மொழியாக, “பரவாயில்லைம்மா, குழந்தையைப் பாத்துக்கிட்டு மெதுவா வாங்க” என்று நெறியாளர் சொல்வது நல்ல மனசு. ஆனால் விடுப்பு அனுமதிக்கப்பட்டதற்கு அது ஆதாரம் ஆகாது.

பண விஷயமும் இருக்கிறது. யுஜிசி ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை, அடுத்து வரும் எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வாளர்) காலத்தையும் சேர்த்து 5 ஆண்டுதான். பதிவு 6 ஆண்டு உயிரோடு இருக்கும். கடைசி ஆண்டுக்கு வாடகை யார் தருவது என்பதை இரண்டாம் ஆண்டிலேயே யோசிப்பது நல்லது.

நெறியாளரின் ஓய்வு வயதையும் கேட்டுக்கொள்ளுங்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ஓய்வுக்கு 3 ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிய மாணவரை எடுக்கக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் மாணவருக்கு, ஓய்வுக்குப் பின் இணை நெறியாளராக 70 வயது வரை தொடரலாம். அப்போது முதன்மை நெறியாளர் யார் என்பதைக் கடைசி நிமிடத்தில் தேடினால் அதற்கே ஒரு செமஸ்டர் போய்விடும்.

கட்டுரை வெளியீடு பற்றிக் குழப்பம் அதிகம். 2016 விதியில் ஒரு ஆய்வுக் கட்டுரையும் இரண்டு கருத்தரங்க உரைகளும் கட்டாயம். 2022 விதி அதை எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகம் தன் விதியில் அதை வைத்துக்கொள்ளலாம். நீங்கள் சேர்ந்த தேதியில் எந்த விதி நடப்பில் இருந்தது என்று பாருங்கள். சீனியர் சொன்னார் என்று நம்பிவிட வேண்டாம், அவர் வேறு விதியில் சேர்ந்தவராக இருக்கலாம்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு காத்திருப்பு பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. வெளித் தேர்வாளர்கள் குறைந்தது இருவரின் மதிப்பீடும் வைவா எனும் வாய்மொழித் தேர்வும் சேர்த்து 6 மாதத்துக்குள் முடிய வேண்டும் என்கிறது விதி. தாண்டினால் ஆராய்ச்சிப் பிரிவுக்கு, சமர்ப்பித்த தேதியைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் கேளுங்கள். நேரில் போய்க் கேட்டால் “பாத்துச் சொல்றோம்” என்பார்கள். எழுதிக் கேட்டால் கோப்பில் எதையாவது எழுதித்தான் ஆக வேண்டும்.