டைக்கோவுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது

போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நிலவில் ஒரு பள்ளத்துக்கு அவள் பெயரை வைத்தாகிவிட்டதாம். "சேர், தொலைநோக்கியில காட்டுவீங்களா?" என்றாள். படத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அதில் இருந்தது டைக்கோ. கைபேசியில் வந்த விளம்பரத்தை நம்பி அவளுடைய அம்மா 7,500 ரூபா கட்டியிருக்கிறார். எத்தனை நாள் முழுப்பேருக்கு, அதாவது முழுநாள் கூலிக்கு, தேயிலைக் கொழுந்து பறித்த காசு அது! இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம், இந்த வருடம் என் கைக்கு வந்த நான்காவது சான்றிதழ் இது.

டைக்கோ 85 கிலோமீற்றர் அகலமான பள்ளம். பௌர்ணமி போயா அன்று பைனாகுலரில் பார்த்தால், அதிலிருந்து வெள்ளைக் கோடுகள் நாலாபக்கமும் ஓடுவது தெரியும். 1651இல் இத்தாலியப் பாதிரியார் ரிச்சியோலி வெளியிட்ட நிலவு வரைபடத்தில், டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராஹேயின் நினைவாக வைத்த பெயர் அது. அதைத்தான் எடுத்து விற்றிருக்கிறார்கள்.

பெற்றோரே, தயவுசெய்து கேளுங்கள். நிலவில் பெயர் வைப்பதற்குக் கட்டணம் கிடையாது. குறைந்த கட்டணமும் இல்லை, சிறப்புக் கட்டணமும் இல்லை. கோடி ரூபா கொடுத்தாலும் நடக்காது. பெயரை ஏற்பது 1919இல் தொடங்கிய சர்வதேச வானியல் ஒன்றியம். பெயருக்குரியவர் அறிவியலுக்கோ ஆய்வுப் பயணத்துக்கோ பெரிதாகப் பங்களித்தவராக இருக்க வேண்டும். இறந்து மூன்று வருடமாவது ஆகியிருக்க வேண்டும். அதாவது உயிரோடு இருக்கும் உங்கள் பிள்ளைக்கு இதைக் கேட்பதே தவறு! நம் பாட்டன்மார் புறப்பட்டு வந்த திருச்சிச் சீமையில் பிறந்த சி.வி. ராமனுக்கும் நிலவில் ஒரு பள்ளம் உண்டு. அவர் 1970இல் இறந்தார், பெயர் 1976இல் வந்தது.

சின்னப் பள்ளங்கள் சிலவற்றுக்குச் சாதாரண ஆட்பெயர்கள் இருப்பது உண்மை. ஆனால் அவை எந்தத் தனி ஆளையும் குறிப்பவை அல்ல. அப்புறம், "நிலவில் காணி" என்று விற்பதும் இதே ஏமாற்றுத்தான். எந்த நாடும் நிலவுக்கு உரிமை கோர முடியாது என்று 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தமே சொல்கிறது.

ஏற்கப்பட்ட பெயர்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. காசு கட்டுவதற்கு முன் அறிவியல் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வங்கி அட்டை இலக்கத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே வங்கிக்குச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்.

அந்தப் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். "சரி சேர், அப்ப டைக்கோவையே காட்டுங்க" என்றாள். வளர்பிறை நவமியன்று, பனிமூட்டம் விலகினால், பள்ளிக்கூட மைதானத்தில் தொலைநோக்கி வைக்கிறேன். அன்றைக்கு நிழல் விழுந்து பள்ளத்தின் ஆழம் நன்றாகத் தெரியும். அவளுடைய அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். யாரும் வரலாம், காசு வேண்டாம். பிள்ளைகளுக்குக் குளிருக்கு ஸ்வெட்டர் மட்டும் போட்டு அனுப்புங்கள்.